ஊழும் தாளும்: பிறப்பு நலனும் குடிமுயற்சியும்

முன்னுரை

தாம்பரத்திற்குக் கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துக் கிடப்பது பெரும்பாக்கம். இவ்வூர் இன்று இரண்டு காரணங்களால் அறியப்படுகிறது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் 2022ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் இங்குத் திறக்கப்பட்டது என்பது ஒன்று. அடையாறு, கூவம் ஆகிய ஆறுகளின் கரைகளிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்கென அரசு எழுப்பிய அடுக்குமாடிக் குடியிருப்புகள், இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகளுடன் இங்கு நிற்கின்றன என்பது மற்றொன்று. சங்க நூல்களை ஆயும் இடமும், நகரம் தன் நடுவிலிருந்து விலக்கிய மக்கள் வாழும் இடமும் ஓரூரின் எல்லைக்குள் அமைந்தன.

முதுகலை வகுப்பில் திருக்குறளின் 38ஆம் அதிகாரமாகிய ஊழையும், 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையையும் அடுத்தடுத்து வைத்து யாம் பாடம் நிகழ்த்தியபோது எழுந்த ஒரு சொற்போரே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். “எங்கள் வீட்டிற்கு எவரும் எதுவும் தந்ததில்லை. என் தந்தை உழைத்தார், நான் படித்தேன். நாங்கள் பிறப்பால் நலம் பெற்றவர்கள் என்றால், அவர் உழைப்பு என்னாயிற்று?” என்று ஒரு மாணவர் வினவினார். பெரும்பாக்கத்துக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருவர் எழுந்து, “என் பாட்டியும் உழைத்தார், என் அம்மாவும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறார். அந்த உழைப்பு எங்கே போயிற்று, ஐயா?” என்றார்.

இருவர் வினாவும் ஒன்றே. உழைப்பு எங்கே போகிறது என்பதே அவ்வினா. அமெரிக்க நாட்டில் ‘வெள்ளையர் சிறப்புரிமை’ என்னும் பெயரால் நடைபெறும் வழக்கும், நம் நாட்டில் ‘தகுதி’, ‘இடஒதுக்கீடு’ என்னும் பெயர்களால் நடைபெறும் வழக்கும் இவ்வினாவின் இரு வடிவங்களே. அவ்வழக்கை நம் மாவட்டத்து வரலாற்றையும் நம் இலக்கியத்தையும் துணைக்கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களைத் தெளிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ், உள்நாட்டுப் போருக்குப் பிற்பட்ட மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி 1935இல் எழுதிய நூலில் ஓர் உண்மையைச் சுட்டினார். வெள்ளையருள் ஏழைத் தொழிலாளிக்குக் கூலி குறைவாயினும், வெள்ளையர் என்பதனாலேயே பொதுவிடங்களில் கிடைக்கும் மதிப்பு, பணமாக எண்ணப்படாத மற்றொரு கூலியாக நின்றது என்பது அவர் கருத்து. பெக்கி மெக்கின்டாஷ் என்பார் 1988இல் வெளியிட்ட கட்டுரையில், தாம் நாள்தோறும் கேளாமலே பெற்றுவரும் நலன்கள் என 46 நிலைமைகளை எண்ணிக் காட்டினார். கடையில் எவரும் தம்மை ஐயுற்றுப் பின்தொடராமை போன்றவை அவை. இவ்விருவரும் கூறுவது செல்வத்தை அன்று, தடையின்மையை. வெள்ளையர் அனைவரும் செல்வர் என்றோ, அவருள் உழைப்பவர் இலர் என்றோ இக்கருத்திற்குப் பொருள் இல்லை. உழைக்கும்போது நிறத்தின் பெயரால் எழும் தடை அவர்க்கு இல்லை என்பதே பொருள்.

தமிழில் இதனைச் ‘சலுகை’ என மொழிபெயர்ப்பார் உளர். அது பொருந்தாது என்பது எம் கருத்து. சலுகை கொடுப்பவரும் பெறுபவரும் அறியக் கொடுக்கப்படுவது. ஈண்டுக் கூறப்படுவதோ பெறுபவர்க்கே தெரியாதது. இதில் கருதத்தக்க ஒரு செய்தி உண்டு. இடஒதுக்கீட்டைச் சலுகை என்று வழங்குவது நம் நாட்டில் இயல்பாகிவிட்டது. அதற்கு முன்பு சிலர்க்கே உரியனவாக இருந்த நிலம், கல்வி, பதவி ஆகியவற்றைக் குறிக்க மக்கள் வழக்கில் அத்தகைய சொல் ஒன்றும் இல்லை. பெயருள்ளது கண்ணில் படுகிறது. பெயரில்லாதது இயற்கை போலத் தோன்றுகிறது. ஆதலின் இக்கட்டுரையில் அதனைப் ‘பிறப்பு நலன்’ என்று வழங்குவோம்.

நிறமும் சாதியும் ஒன்றல்ல. நிறம் முகத்தில் தெரியும், சாதி கேட்டறியப்படும். ஆயினும் இரண்டும் பிறப்பின் வழியே வாய்ப்பைப் பகிர்வன. இவ்வொப்புமை நம் காலத்தார் வலிந்து கண்டதன்று. அம்பேத்கர் 1946இல் டுபாய்சுக்கு எழுதிய மடலிலேயே இரு மக்களின் நிலையையும் ஒப்பிட்டுள்ளார்.

முயற்சியின் பக்கம்

பிறப்பு நலனை மறுப்பார் கூற்றை முதலில் நேர்மையாக எடுத்துரைத்தல் முறை. அவர் கூறுவன மூன்று. ஒரே குலத்தில், ஒரே தெருவில் பிறந்தவருள் ஒருவர் உயர, ஒருவர் தாழ்கிறார்; ஆதலின் பிறப்பு முடிவுசெய்வதன்று என்பது ஒன்று. பெற்றோர் தம் வாய்கட்டி மக்களைப் படிக்கவைத்ததை நலன் என்று சுட்டினால் ஈகத்தை இழிவுபடுத்துவதாகும் என்பது இரண்டாவது. தாழ்த்தப்பட்டிருந்த மக்களே தம் முயற்சியால் எழுந்ததற்கு வரலாற்றுச் சான்று உண்டு என்பது மூன்றாவது.

மூன்றாவது கூற்றிற்குத் தமிழகத்தில் நாடார் வரலாற்றினும் வலிய சான்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டவராக அவர் இருந்தனர். தென் திருவிதாங்கூரில் அவர்தம் பெண்டிர் மேலாடை அணிவதற்கே போராட வேண்டியிருந்தது. கமுதிக் கோயில் வழக்கு இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் அவர்க்கு எதிராகவே முடிந்தது. அம்மக்களே விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகத்தால் தழைத்தனர். விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையை 1889இல் நிறுவினர். நாடார் மகாசன சங்கம் 1910இல் தோன்றியது. தூத்துக்குடியில் நாடார் வங்கி 1921இல் தோன்றியது. இஃது அரசு அளித்த கொடையன்று, முயற்சியின் விளைவே. இதனை மறுப்பார் வரலாற்றை மறுப்பவராவர்.

ஆயின் அம்முயற்சி எவ்வாறு நடந்தது என்று நோக்குதல் வேண்டும். அவர் கண்ட வழி மகமை. ஒவ்வொரு வணிகரும் தம் வரவில் ஒரு பகுதியை உறவின்முறைக்குச் செலுத்தினர். அப்பொதுப்பணம் பேட்டைகளாகவும் கிணறுகளாகவும் பள்ளிகளாகவும் மாறியது. அதாவது, தனியொருவர் உழைப்பு அவரோடு அழியாமல், அடுத்த தலைமுறை பிறக்கும்போதே பெறும் பொருளாகச் சேமிக்கப்பட்டது. முந்தையோர் முயற்சியே பிந்தையோர்க்குப் பிறப்பு நலனாயிற்று.

இது நிகழ ஒரு முன்நிபந்தனை தேவைப்பட்டது. வணிகர் ஈட்டிய பொருள் வணிகருடையதாகவே இருந்தது. மூட்டைக்குரிய ஊதியத்தைப் பிறர் பறித்துக்கொள்ளும் வழக்கு அங்கு இல்லை. அதே காலத்தில் தென்கோடித் தேரிக்காடுகளில் பனையேறிய அச்சமுதாயத்தாரும் குறைவாக உழைத்தவர் அல்லர். எனினும் அவர் நிலை விருதுநகர் வணிகர் நிலைபோல விரைந்து மாறவில்லை. உழைப்பு ஒத்தது, அதனைத் தேக்கிவைக்கும் கலம் ஒவ்வவில்லை.

மிராசும் தரிசும்

கலமே மறுக்கப்பட்ட மக்களின் நிலையைக் காணத் தென்பாண்டி நாட்டிற்குச் செல்ல வேண்டுவதில்லை. பெரும்பாக்கம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டமே அதற்குத் தலையாய சான்று.

தொண்டை நாட்டு ஊர்களில் காணியாட்சி என்னும் நிலவுரிமை நிலவியது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது ‘மிராசு’ என வழங்கப்பட்டது. திருக்குறளுக்கு உரை வரைந்தவராகத் தமிழுலகம் போற்றும் எல்லீசர், இம்மிராசு உரிமை பற்றி 1818இல் விரிவான ஆய்வொன்று வெளியிட்டார் என்பதை ஈண்டு நினைவுகூரலாம். காணியாளர் பெரும்பாலும் வேளாளரும் பிராமணருமாக இருந்தனர். ஊரின் விளைநிலத்தில் மட்டுமன்றித் தரிசிலும் அவர்க்கு முன்னுரிமை இருந்தது. அவ்வூரில் ஏர் பிடித்து, நாற்று நட்டு, நீர் பாய்ச்சிய பறையர் முதலிய மக்கள் பண்ணையாளாகவும் படியாளாகவும் இருந்தனர். அடிமை நிலையைச் சட்டம் ஏற்பது 1843ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் நில முன்னுரிமை ஒழியவில்லை.

இம்முன்னுரிமை நடைமுறையில் எவ்வாறு வேலைசெய்தது? உழைப்பாளி ஒருவர் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, எவரும் பயிரிடாத தரிசு ஒன்றைத் தமக்குத் தருமாறு அரசுக்கு விண்ணப்பித்தார் எனக் கொள்வோம். அவ்விண்ணப்பம் முதலில் மிராசுதாரர் முன்பு வைக்கப்படும். ‘அந்நிலம் எமக்கு வேண்டும்’ என்று அவர் கூறிவிட்டால் நிலம் அவர்க்கே உரியது. தரிசைத் திருத்தும் வலிமையும் விருப்பமும் விண்ணப்பித்தவர்க்கு இருந்தன. உரிமை மட்டும் இல்லை. சேரியில் அவர் குடிசை இருந்த மனையும் பல ஊர்களில் மிராசுதாரர்க்குரியதே. பணிய மறுத்தால் வீட்டையே இழக்க நேரிடும் என்னும் அச்சம் அவர் வாயை அடைத்தது.

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் இவற்றை ஆராய்ந்து 1891இல் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் வருவாய்த் துறை ஆணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்க அது வழிசெய்தது. பஞ்சமி நிலம் என்று பின்னர் வழங்கியது இதுவே. பத்தாண்டு வரை விற்கலாகாது, பின்னரும் ஒடுக்கப்பட்டோர்க்கே விற்கலாம் என்னும் நிபந்தனையும் அதற்கு உண்டு. அந்நிலங்களுள் பல பின்னர்ப் பிறர் கைக்குச் சென்றன. அவற்றை மீட்கக் கோரிச் செங்கற்பட்டுப் பகுதியின் காரணையில் 1994ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

மாணவியின் வினாவிற்கு விடை இங்குள்ளது. அவர் முன்னோர் உழைப்பு காற்றில் கரையவில்லை. அது பிறர் நிலத்தில் விளைச்சலாகவும், அந்நிலத்தின் விலையாகவும், அவ்விலையால் கற்ற கல்வியாகவும் மாறியது. இதனால் நிலமுடையார் உழைக்கவில்லை என்பது முடிவன்று. அவர் உழைப்போடு பிறர் உழைப்பும் அவர் கணக்கில் சேர்ந்தது. உழைத்த பிறர் கணக்கில் அவர் உழைப்பும் சேரவில்லை என்பதே முடிவு.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம் 160 ஏக்கர் வரை நிலம் வழங்கியபோது, கறுப்பின மக்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைத்தளையில் இருந்தனர். 1935இல் முதியோர் காப்புத் திட்டம் தோன்றியபோது, வேளாண் கூலிகளும் வீட்டு வேலையாட்களும் அதில் சேர்க்கப்படவில்லை. கறுப்பினத்தவர் மிகுதியாக இருந்த தொழில்கள் அவையே. அவர் வாழ்ந்த பகுதிகளுக்கு நிலப்படத்தில் செந்நிறம் தீட்டி வீட்டுக்கடன் மறுக்கும் வழக்கமும் நிலவியது. வெள்ளையர் குடும்பம் முப்பதாண்டு உழைத்துக் கடனை அடைத்து வீட்டைத் தன் மக்களுக்கு விட்டுச்சென்றது உண்மையான உழைப்பே. அக்கடன் கிடைத்தது எதனால் என்பதே வினா.

தேர்வும் தகுதியும்

நிலம் பிறப்பால் வருவது. தேர்வோ அனைவர்க்கும் ஒன்றுதானே என்பர். இக்கூற்றும் ஆராயத்தக்கது.

1912ஆம் ஆண்டில் சென்னை மாகாணத் துணை ஆட்சியர் பதவிகளில் நூற்றுக்கு 55ம், சார்பு நீதிபதிப் பதவிகளில் 83க்கு மேலும், மாவட்ட முன்சீப் பதவிகளில் 72க்கு மேலும் பிராமணரிடம் இருந்தன. மக்கள் தொகையில் அவர் நூற்றுக்கு மூவர் அளவினர். இப்பதவிகளுக்கு வந்தவர் கல்லாதவர் அல்லர்; விளக்கொளியில் இரவெல்லாம் கற்றவர். ஏழைகளும் அவருள் பலர். ஆயினும் தலைமுறை தலைமுறையாக எழுத்தோடு வாழ்ந்த வீட்டில் ஏழையாயிருப்பதும், எழுத்தே நுழையாத வீட்டில் ஏழையாயிருப்பதும் ஒன்றாகா. முன்னதில் வறுமை மட்டும் உண்டு. பின்னதில் வறுமையோடு விலக்கும் உண்டு.

இந்நிலையை மாற்ற 1920களில் எழுந்ததே வகுப்புரிமை ஆணை. அது 1947இல் திருத்தப்பட்டபோது, 14 இடங்களில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, ஆதி திராவிடர்க்கு 2, கிறித்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் சேர்த்து 1, முசுலிம்களுக்கு 1 எனப் பகிர்வு அமைந்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்வாணை செல்லாது என்றது. அவ்வாண்டு சூன் திங்களிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. வழக்காடியவர் முன்வைத்தது தனியொருவர் தகுதி. அரசு முன்வைத்தது குலங்களின் நெடுங்கால நிலை. இரண்டும் உண்மையாதலின் இவ்வழக்கு இன்றும் ஓயவில்லை.

கல்வி ஒத்த பின்னரும் பிறப்பு நிற்கிறதா? சுகதேவ் தோரட், பால் அட்டுவெல் ஆகிய இருவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒத்திருக்கப் பெயர் மட்டும் வேறுபட்டது. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 எனக் கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67 அளவே இருந்தது. பாசுடன், சிகாகோ நகரங்களில் நடத்தி 2004இல் வெளியிட்ட இதையொத்த ஆய்விலும், வெள்ளையர் பெயர்க்கு அழைப்பு ஒன்றரை மடங்காக வந்தது. ஒரே முயற்சி, ஒரே பட்டம். பெயர் மாறியபோது பயன் மாறியது.

ஒரு தடுப்புரை

பிறப்பு நலன் என்னும் கருத்தை எவரும் எங்கும் எப்படியும் ஆளலாம் என்று கொள்ளுதல் கூடாது. தமிழராகிய நாம் அதன் தீய பயன்பாட்டையும் கண்டவர்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் முதலியன நிறுவிய பள்ளிகளாலும், வறண்ட நிலத்தில் கல்வியே வாழ்வெனக் கொண்ட பெற்றோர் முயற்சியாலும், மருத்துவத்திலும் பொறியியலிலும் தமிழ் மாணவர் மிகுதியாக இடம்பெற்று வந்தனர். இலங்கை அரசு தரப்படுத்தலைக் கொண்டுவந்தபோது, 1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில் பேராதனைப் பொறியியலுக்குத் தமிழில் எழுதியவர் 250 மதிப்பெண் பெறவேண்டும், சிங்களத்தில் எழுதியவர் 227 பெற்றால் போதும் என்றாயிற்று. அங்குத் தமிழர் பெற்றிருந்தது பிறப்பு நலன் என்றே காரணம் கூறப்பட்டது.

இதற்கும் வகுப்புரிமைக்கும் வேறுபாடு யாது? மொழிவழித் தரப்படுத்தல் கொழும்பின் செல்வர் வீட்டுச் சிங்கள மாணவர்க்கும் தாழ்ந்த வரம்பைத் தந்தது. மன்னாரின் ஏழைத் தமிழ் மாணவர்க்கும் உயர்ந்த வரம்பை விதித்தது. அது தடைப்பட்டவரைத் தேடவில்லை. மொழியை மட்டும் பார்த்தது. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் பின்தங்கிய தமிழ் மாவட்டத்தார் சிலரும் பயனுற்றனர் என்பதும் நினையத்தக்கது. இதிலிருந்து ஓர் அளவுகோல் பெறுகிறோம். எவருடைய முயற்சி எதனால் தடைப்பட்டது எனக் காட்டவல்ல திருத்தமே முறையானது. எண்ணிக்கை மிக்கவர் தம் அதிகாரத்தைப் பெருக்கும் கருவியாக அது மாறுமாயின் முறை பிறழ்ந்ததாகும்.

இவ்வளவுகோல் நம்மையும் அளக்கும். ஒரு காலத்தில் தடைப்பட்டிருந்தார் பிறிதொரு காலத்தில் தடையாக நிற்றல் கூடும். பட்டியலினத்தாருக்குள்ளேயே அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் தேவைப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்றார்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு 2020இல் தேவைப்பட்டது. மிராசு வரலாற்றில் வேளாளரும் பதவி வரலாற்றில் பிராமணரும் இடம்பெறுவதுபோல, இன்றைய ஊர்களில் நிலமும் ஆட்சியும் உடைய இடைநிலைச் சாதியாரும் இடம்பெற வேண்டியவரே.

இலக்கியம் காட்டும் நெறி

இனி இலக்கியத்திற்கு வருவோம். ஊழ் அதிகாரத்தின் இறுதிக் குறள் ஊழின் வலிமையை மிஞ்சியது இல்லை என்கிறது. ஆள்வினையுடைமையின் இறுதிக் குறள் தளராது முயல்வார் ஊழையும் பின்வாங்கச் செய்வர் என்கிறது. இவ்விரண்டையும் முரணெனக் கூறி மாணவர் மருள்வது வழக்கம். ஊழ் அதிகாரத்தின் முதற்குறளை உற்றுநோக்கின் மருட்சி நீங்கும். ஊக்கம் தோன்றுவதற்கும் மடி தோன்றுவதற்கும் ஊழையே காரணமாக வள்ளுவர் அங்குச் சுட்டுகிறார். முயற்சியும் தானே முளைப்பதன்று. அது முளைக்க நிலம் வேண்டும். எனினும் அதனைக் காரணமாக்கி முயலாதிருத்தலை அவர் ஏற்கவில்லை. ‘முயற்சியை எதிர்பார்த்து நில்’ என்று பிறரை நோக்கி அவர் கூறவில்லை. ‘முயல்க’ என்று முயல்பவனை நோக்கியே கூறுகிறார். தன்னை நோக்குங்கால் ஆள்வினை, பிறரை அளக்குங்கால் ஊழ் என இரண்டு அதிகாரங்களையும் ஆளுதலே அறிவுடைமை. நம்மில் பலர் இதனைத் தலைகீழாக ஆள்கிறோம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். பரிமேலழகர் ஊழை இருவினைப் பயன் எனக் கொண்டார். சமுதாய ஏற்பாட்டை அப்பொருளில் ஊழ் என்று கொண்டுவிட்டால் கொடுமை இயற்கையாகிவிடும். ஊழை வகுத்தவர் முகவரி நமக்குத் தெரியாது. தரிசில் மிராசுதாரர்க்கு முன்னுரிமை வகுத்தவர் கையொப்பம் ஆவணத்தில் உள்ளது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம்.

புறநானூற்றின் 312ஆம் பாட்டு, வாகைத் திணையில் மூதின் முல்லைத் துறையின்பாற் பட்டது, பாடியவர் பொன்முடியார். வீரச் சிறப்பிற்கு எடுத்துக்காட்டாக அதனை ஓதுகிறோம். அதில் காளையின் வீரச்செயல் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் பெற்ற தாய், சால்புடையவனாக்கும் தந்தை, வேல் செய்து தரும் கொல்லன், வேந்தன் என நால்வர் கடமை நிற்கின்றது. வேந்தன் கொடைக்கு ‘நன்னடை’ என்றும் ‘தண்ணடை’ என்றும் பாடம் உண்டு. பின்னதைக் கொள்ளின் அது மருதநிலமாகும். ஒரு களிற்றை வீழ்த்தத் தாயும் தந்தையும் கொல்லனும் அரசும் வேண்டும் என்பது அப்புலவர் கணக்கு. துறையின் பெயரும் பழங்குடியின் வீட்டையே சுட்டுகிறது. காளையின் தோள் வலிமையை இக்கணக்கு குறைக்கவில்லை; வேல் எங்கிருந்து வந்தது என்று கூறுகிறது, அவ்வளவே.

இவ்வாறே ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய 183ஆம் பாட்டை, கல்வி பிறப்பின் தாழ்வை வெல்லும் என்பதற்கு மேற்கோளாக ஆள்கிறோம். அது சரியே. ஆயின் அப்பாட்டின் தொடக்கத்தில், ஆசிரியர்க்கு நெருக்கடியில் துணைநின்றும் மிக்க பொருள் வழங்கியும் கற்க வேண்டும் என்று அவ்வேந்தன் அறிவுறுத்துவதை யாம் பலகாலும் விட்டுவிடுகிறோம். கல்வி உயர்த்தும், கல்விக்குப் பொருள் வேண்டும். இரண்டும் ஒரே பாட்டில் உள்ளன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது இது. பிறப்பு நலனும் முயற்சியும் ஒன்றையொன்று மறுக்கும் பகைப்பொருள்கள் அல்ல. பிறப்பு நலன் என்பது, சேர்த்துவைக்க இடம் பெற்ற பழைய முயற்சி. சில வேளைகளில் பிறர் முயற்சியும் அதில் கலந்திருக்கும். முயற்சி என்பது, இடம் கிடைத்தால் நாளை பிறப்பு நலனாகத் தக்கது. ஆதலின் ‘நீ உழைத்தாயா?’ என்பது முதல் வினாவன்று. ‘உன் உழைப்பு உன்னிடம் தங்கியதா?’ என்பதே முதல் வினா.

எம்மையும் இக்கணக்கிற்கு உட்படுத்துதல் நேர்மை. யாம் முனைவர் பட்டத்திற்கு உழைத்தது உண்மை. எம் தந்தையார் பள்ளியாசிரியர். எம் வீட்டில் மூன்று அலமாரி நிறைய நூல்கள் இருந்தன. நன்னூலைக் கேட்டே யாம் வளர்ந்தோம். நூலகத்தில் எம்மை எவரும் ஐயுற்று நோக்கியதில்லை. வீட்டு முகவரியைக் கூறத் தயங்கியதும் இல்லை. அம்மாணவியோ, வேலைக்கு நேர்காணல் சென்ற இடமொன்றில் முகவரியைக் கேட்டதும் பேச்சு முடிந்துவிட்டதாகக் கூறினார். எம் உழைப்பின் பெருமை இவற்றைக் கூறுவதால் குறைந்ததாக யாம் உணரவில்லை. எம் தந்தையாரின் உழைப்பை அளந்தறிந்ததாகவே உணர்கிறோம்.

பெரும்பாக்கத்தை அடுத்துள்ள கண்ணகி நகரிலிருந்து சென்ற பெண்ணொருவர் இடம்பெற்ற இந்திய மகளிர் கபடி அணி, 2025ஆம் ஆண்டு அக்டோபரில் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்றது. முயன்றால் முடியும் என்பதற்கு அவ்வெற்றி சான்று என்பர் சிலர். எத்துணைத் தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதற்குச் சான்று என்பர் சிலர். இரண்டிற்கும் அது சான்றே. ஆயின் ஒருவர் கடந்ததனால் தடை இல்லையென்று ஆகாது. எல்லோரும் அவ்வளவு முயன்றால்தான் மனிதராக வாழலாம் என்பது நீதியும் ஆகாது.

குடிசெயல்வகையில் வள்ளுவர், முட்டுக் கொடுத்துத் தாங்கும் நல்லாள் இல்லாத குடி இடுக்கண் வெட்டும்போது சாயும் என்கிறார். நகரின் நடுவிலிருந்து வேரோடு பெயர்த்து நடப்பட்ட ஆயிரக்கணக்கான குடிகள் இன்று பெரும்பாக்கத்தில் உள்ளன. பள்ளியும் பேருந்தும் வேலையும் அருகில் அமையுமாயின், அக்குடிகளில் இன்று செய்யப்படும் உழைப்பு அங்கேயே தங்கும். செம்மொழி ஆய்வுக்கு அவ்வூரில் கட்டடம் எழுந்தது. அக்கட்டடத்தில் ஆய்வாளராக அமரும் நாள் அடுக்குமாடியிலிருந்து வரும் மாணவிக்கு வருதல் வேண்டும். அந்நாளில் அவர் முயன்றார் என்றும் கூறுவோம். அவர் முயற்சிக்கு இந்நாடு இடம் தந்தது என்றும் கூறுவோம்.